அடைத்த குழல்

துப்பாக்கியின் கதையைக் கேட்பதற்கு முன் துப்பாக்கியைப் பார்த்துவிட வேண்டும் என்பது, பழைய துப்பாக்கிகளைச் சோதித்துச் சான்று எழுதும் அவள் தனக்கு வைத்திருந்த முதல் சட்டம். ஏலக்கூடத்துக்குப் பழைய ராணுவப் பிஸ்டல் கொண்டுவரும் யாரும் பிஸ்டலை மட்டும் கொண்டுவருவதில்லை. கூடவே ஒரு கதையும் வரும். சரணடைந்த தளபதி தாத்தாவிடம் நீட்டியது, பதுங்குகுழியில் மண்ணைத் தோண்டி எடுத்தது, இப்படி ஏதாவது ஒன்று. கதை காதில் ஏறிவிட்டால் கண் அதற்குத் தாளம் போட ஆரம்பித்துவிடும். அதனால் வருபவர்களிடம், "கொஞ்சம் வெளியே உட்காருங்க, பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்பாள்.

இரண்டாவது சட்டம், எண்களைச் சின்ன பாகத்தில் தொடங்கிப் பெரிய பாகத்தில் முடிப்பது. அந்தக் காலத்து ராணுவப் பிஸ்டலில் சட்டகத்தின் மேல் முழு வரிசை எண் இருக்கும். சுத்தியல், பூட்டு, குழல் போன்ற மற்றப் பாகங்களில் அதன் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் அடித்திருப்பார்கள். முழு எண்ணை முதலில் படித்துவிட்டால் தேய்ந்துபோன 3 கூட நமக்கு வேண்டிய 8 ஆகத் தெரியும். தன் கண்ணை அவள் அவ்வளவாக நம்புவதில்லை. படித்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி, அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபடி படிப்பாள். இருபது வருடத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் அட்டைகள் சேர்ந்திருந்தன. அலுவலகத்தில் அவளுக்கு 'அட்டை' என்றே பெயர். ஒட்டினால் விடமாட்டாள் என்று அதற்கு இன்னொரு பொருளும் சொல்லிக்கொண்டார்கள். அவள் காதுக்கும் அது வந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் விசாரணை அதிகாரி முத்திரை வைத்த பையோடு வந்தபோதும் அவள் அதையேதான் சொன்னாள்.

"வெளியே உட்கார முடியாது மேடம். பையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாதுன்னு எங்க சட்டம்" என்றார் அவர். ஜலதோஷம் பிடித்திருந்தது. ஒரு கைக்குட்டையைச் சட்டைப்பையிலும் இன்னொன்றைக் கையிலும் வைத்திருந்தார்.

"அப்ப உட்காருங்க. எதுவும் சொல்லாம இருந்தாப் போதும்."

"வீட்டிலயும் இதைத்தான் சொல்றாங்க."

அவள் பச்சைக் கம்பளத் துணியை மேஜையில் விரித்து, கையுறை மாட்டி, பையைப் பிரித்தாள். கனமான, நீலக்கறுப்பு மெருகுள்ள பிஸ்டல். பிடியின் மரத்தகடுகளில் யாரோ எண்ணெய் தடவித் தடவி வளர்த்த பளபளப்பு. சட்டக எண்ணின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டு, பாகம் பாகமாகப் பிரித்துத் துணியில் வரிசையாக வைத்தாள். விளக்கைத் தாழ்த்திப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டாள்.

முதலில் பூட்டு நெம்பி, பூட்டைத் திருப்பும் சின்னப் பிடி. 764.

அடுத்து சுத்தியல். 764.

இந்த இடத்தில் அவள் கை நின்றது. இரண்டு பாகங்களிலும் 7-இன் வால் நுனி ஒரே இடத்தில் உடைந்திருந்தது. எலி கொறித்ததுபோல ஒரு சின்னக் குறை. எண் அடிக்கும் உளியில் 7-இன் முனை உடைந்துபோன பிறகும், அதை மாற்றச் சோம்பல்பட்டு, அதையே வைத்து அடித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு தொழிலாளி. எண்பது வருடத்துக்கு முன் செத்திருக்கக்கூடிய அந்த மனிதனின் சோம்பலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த 7-ஐ அவள் இதுவரை ஒரே ஒரு பிஸ்டலில்தான் பார்த்திருக்கிறாள்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லை."

சட்டத்தை மீறவில்லை. பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு, 764. கடைசியாகக் குழலை எடுத்தாள். எண் அடித்த பள்ளத்தின் அடிவரைக்கும் மெருகு இறங்கியிருந்தது. அப்படியென்றால் மெருகு ஏற்றுவதற்கு முன்பே தொழிற்சாலையில் அடித்த எண். பிறகு எவனோ பொய்யாக அடித்திருந்தால் பள்ளத்துக்குள் எஃகு வெள்ளையாக மின்னும். 764. உடைந்த வால். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெளிச்சம் தடையில்லாமல் ஓடியது. உள்ளே, சுட்ட குழலின் சாம்பல் படிவு. சட்டகத்தில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்தாள், முழு எண்ணும் 764 என்றே முடிந்தது.

"எல்லா எண்ணும் பொருந்துது" என்றாள். தன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது.

அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழ். அதில் எழுதியிருந்தது: குழல் தவிர எல்லா எண்களும் பொருந்துகின்றன. குழல் எண் 218, வேறு பிஸ்டலுடையது. குழலில் எஃகுக் கம்பி செருகிப் பற்றவைத்து அடைக்கப்பட்டுள்ளது. சுட இயலாது.

"அதே பிஸ்டல்தானே மேடம்?"

"அதேதான். குழல் வேற."

"அதுதான் எங்க கேசே" என்றார் அதிகாரி. இப்போது கதையைச் சொன்னார்.

பிஸ்டலின் சொந்தக்காரரான பல் டாக்டர் பதினாறு நாளுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் வீட்டுக் கூடத்தில் செத்துப்போனார். அக்கா குடும்பம் சாப்பிட வந்திருந்தது. அவர் வழக்கம்போலப் பிஸ்டலை எடுத்துவைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். மேகசினில் எட்டுப் பழைய தோட்டாக்கள், எல்லாம் மருந்து நீக்கியது என்று சொல்லி யாரோ விற்ற காட்சிப் பொருள். ஸ்லைடை இழுத்துவிட்டு, தோட்டா எப்படி மேலே ஏறுகிறது பார் என்று அக்கா புருஷனுக்குக் காட்டினார். பிறகு மேஜையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே போனார். சமையலறையிலிருந்து வந்த மனைவி, சாப்பாடு ஆறிப்போகிறதே என்று பிஸ்டலை எடுத்து அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டி, "வாயை மூடறீங்களா, சுடட்டுமா" என்று விசையை இழுத்தாள். பன்னிரண்டு வருடமாக வீட்டில் நடக்கிற விளையாட்டு. 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார், எல்லோரும் சாப்பிடப் போவார்கள். அன்றைக்கு வந்த சத்தம் அது இல்லை.

"ஏழு தோட்டா செத்தது. ஒண்ணு சாகலை" என்றார் அதிகாரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அந்த அம்மா என்ன சொல்றாங்கன்னா, அது அடைச்ச துப்பாக்கி, அடைச்ச துப்பாக்கின்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. ஆனா அடைப்பு இல்லையே. அந்தப் பழைய குழல் வீட்டில எங்கேயும் இல்லை. தலைகீழாக் கவிழ்த்துத் தேடிட்டோம். சரி, யாரு மாத்தியிருப்பாங்க? மனுஷன் தன் துப்பாக்கிக்குத் தானே உயிர் குடுத்து, பொண்டாட்டி தினம் விளையாடறான்னு தெரிஞ்சும் மேஜையில வெச்சுட்டுச் சிரிச்சுட்டு இருப்பாரா? அவர் அக்கா சொல்றாங்க, இவதான் ஒருநாள் உன்னை இதாலேயே சுடுவேன்னு சொல்லிட்டே இருப்பான்னு. பத்துப் பேர் கேட்டிருக்காங்க."

அவள் பாகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க ஒன்றுமில்லை.

"அறிக்கை எப்ப வேணும் சார்?"

"வெள்ளிக்கிழமை. குழல் ஒரிஜினலா, எப்ப மாத்தியிருக்கலாம், மாத்த என்னென்ன கருவி வேணும், ஒரு பொம்பளையால முடியுமா, இதெல்லாம் எழுதிடுங்க."

"கருவி எதுவும் வேண்டாம்" என்றாள். "அரை நிமிஷம் போதும்."

"பாருங்க" என்றார் அதிகாரி, ஏதோ நிரூபணமாகிவிட்டதுபோல.

அவர் பிஸ்டலைப் பையில் முத்திரையிட்டு எடுத்துப்போனபிறகு அவள் பச்சைத் துணியை மடித்து வைத்தாள்.

பதினான்கு மாதத்துக்கு முன், மூடிப்போன ஒரு துப்பாக்கிப் பட்டறையின் சாமான்கள் மொத்தமாக ஏலக்கூடத்துக்கு வந்தன. அதில் ஒரு மரத்தட்டு நிறையப் பிஸ்டல் குழல்கள், நாற்பத்தொன்று. உதிரி பாகங்களை வைத்துக்கொள்ள ஏலக்கூடத்துக்கு உரிமம் உண்டு. அவள் ஒவ்வொன்றையும் உறையில் போட்டு, எண் எழுதி, அட்டை போட்டுக்கொண்டே வந்தாள். இருபத்தாறாவது குழலில் 764 இருந்தது. 7-இன் வால் உடைந்திருந்தது.

அந்த நிமிடத்தை அவளால் இப்போதும் மறுக்க முடியவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கெங்கோ போர்களில் சிதறி, கைமாறிக் கைமாறி, ஒன்றுக்கொன்று பிரிந்துபோன இரண்டு பாகங்கள் ஒரே ஊரில் இருக்கின்றன. அது தனக்கு மட்டும் தெரியும். லட்சத்தில் ஒன்றாகக்கூட இப்படி நடப்பதில்லை. ஐந்து நிமிடத்துக்குள் பல் டாக்டருக்கு ஃபோன் செய்துவிட்டாள்.

அவர் அன்று மதியமே பிஸ்டலோடு வந்தார். வந்தவர், நாற்காலியில் ஒரு பேஷன்ட் வாயைத் திறந்தபடி காத்திருப்பதாகச் சொன்னார். அவர் சொல்வதில் பாதி விளையாட்டு என்பதால் அவள் நம்பவில்லை. அவளை அவர் 'ஜட்ஜம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"ஜட்ஜம்மா, தீர்ப்பைச் சொல்லுங்க. இவன்தான் அவனா?"

"நீங்களே பாருங்க" என்று பூதக்கண்ணாடியை நீட்டினாள்.

குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "முப்பது வருஷமா வாயில ஒரு பல்லுக்குப் பதில் இன்னொரு பல்லை வெச்சுக் கட்டறேன். இதுமாதிரி சொந்தப் பல்லே திரும்பி வந்து உட்கார்றதை நான் பார்த்ததில்லை."

"ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்கலாமா? பார்க்கத்தான்."

இதைச் சொன்னது யார்? அவள்தான். அவர் சொன்னதாக நினைத்துக்கொள்ள இந்தப் பதினான்கு மாதத்தில் எத்தனையோ தரம் முயன்றிருக்கிறாள். முடியவில்லை. அடைத்த 218-ஐ எடுத்துவிட்டு 764-ஐ வைத்தாள். ஸ்லைடு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. புதிய அட்டை எடுத்து எழுதினாள்: எல்லா எண்களும் பொருந்துகின்றன. அந்த வாக்கியத்தை எழுதும் வாய்ப்பு வருடத்துக்கு இரண்டுமுறை வந்தால் அதிகம்.

சட்டம் அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவரிடம் இருந்த உரிமம் அடைத்த துப்பாக்கிக்கு மட்டும்தான். குழல் மாறிய அந்த நொடியில் மேஜைமேல் இருந்தது சட்டப்படி வேறு ஒரு பொருள். அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அவர் பிஸ்டலை வெல்வெட் பெட்டியில் வைத்து மூடினார். வாசல்வரை போனவரிடம் அவள், "அப்படியே வெச்சுக்க முடியாது டாக்டர்" என்றாள். "தெரியும் தெரியும். கொஞ்ச நாள் கண்ணாறப் பார்த்துட்டு வீட்டிலேயே மாத்திக்கறேன்" என்றார். அவள் தலையாட்டினாள்.

அந்த ஒரு பதிலைத்தான் செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் மனதுக்குள் பிடித்துக்கொண்டிருந்தாள். மாத்திக்கறேன் என்று சொன்னார். மாற்றாமல் விட்டது அவர் தப்பு.

சாயங்காலம் வீட்டில் அவள் கணவன் சமையலறை மேஜையில் கைக்கட்டை விரலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். ஏலக்கூடத்தின் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனபோது உள்ளே மாட்டிக்கொண்டவளை வெளியே எடுத்து, பிறகு அப்படியே கல்யாணமும் செய்துகொண்டவன். அதை இன்னும் சொல்லிக்காட்டுவான்.

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை என்று அவளுக்கே நினைப்பு. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அவர் மாத்திக்கறேன்னு சொன்னார். நான் சொல்லிட்டேன், அவர் ஒத்துக்கிட்டார். அப்புறம் அது அவர் பொறுப்புதானேங்க?"

"இரு" என்றான் அவன். "எங்க வேலையில புது பாகம் போட்டா, கழட்டின பழசைக் கஸ்டமர் கையில குடுத்துக் கையெழுத்து வாங்கிடணும். இல்லேன்னா நாளைக்கு, என் பாகத்தை நீ தூக்கிட்டுப் போயிட்டேன்னு சண்டைக்கு வருவான். அந்தப் பழைய குழல் யாரு கையில போச்சு?"

அவள் மேஜையில் சிந்தியிருந்த மருந்தை விரலால் துடைத்தாள்.

"அவர் வீட்டில போலீஸ் தேடிக் கிடைக்கலைங்கறே. வீட்டுக்குப் போய் மாத்திக்கறேன்னாரே, எதை வெச்சு மாத்துவாரு?"

அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. அவன் எழுந்து போய் அணைத்தான். திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்தவன், மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. அவன் சுபாவத்துக்கு அது அதிசயம்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போனாள். மரத்தட்டை இழுத்தாள். நாற்பத்தொரு உறைகள். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. வருடாந்திரக் கணக்கெடுப்பிலும் அது சரியாக இருந்ததால்தான் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தாறாவது உறையை எடுத்தாள். மேலே அவள் கையெழுத்து, குண்டுகுண்டாக, ஒரு கோணல் இல்லாமல்.

218. அடைத்தது. பல் டாக்டருடையது. வந்து வாங்கிக்கொள்வார்.

கீழே தேதி.

மேஜைமேல் எந்தப் பாகத்தையும் பெயரில்லாமல் விடக்கூடாது என்பது மூன்றாவது சட்டம். அவர் படியிறங்கிய கையோடு அதை அவள் நிறைவேற்றியிருக்கிறாள். அவர் கையில் 218 இல்லை என்பது உறையை ஒட்டும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வந்து வாங்கிக்கொள்வார் என்று எழுதினால் விஷயம் அவர் பக்கம் போய்விடுகிறது. அப்புறம் தட்டை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறாள். சோதித்துச் சோதித்து ஒன்பதாயிரம் அட்டை எழுதிய கை, இந்த ஒன்றை மட்டும் இரண்டாம் முறை படித்துப் பார்க்கவில்லை.

உறையைக் கைப்பைக்குள் வைத்தாள். எடுத்தாள். மறுபடி தட்டிலேயே வைத்தாள். கட்டடத்துக்குப் பின்னால் கால்வாய் ஓடியது. ஒரு விரல் நீள இரும்பு. போட்டால் போன இடம் தெரியாது. அதை நினைத்தாள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு மணி இருக்கும், வரவேற்பறையிலிருந்து அழைத்தார்கள். யாரோ ஒரு அம்மா வந்திருக்கிறாராம். பெயர் சொல்லவில்லையாம்.

பல் டாக்டரின் மனைவியை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அடக்கமான உயரம், நன்றாகத் தேய்த்த புடவை, ஆனால் ரவிக்கையின் ஒரு கொக்கி மாறி மாட்டியிருந்தது. நேற்றைக்கு முன்தினம்தான் ஜாமீனில் வந்ததாகச் சொன்னாள். உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"நான் இங்க வரக் கூடாதுன்னு வக்கீல் சொன்னார். ஆனா அவர் வாயில தினம் உங்க பேச்சுத்தான். ஜட்ஜம்மா அப்படிச் சொன்னாங்க, ஜட்ஜம்மா இப்படிச் சொன்னாங்கன்னு. எனக்கு எரிச்சலாக்கூட இருக்கும்." லேசாகச் சிரிக்கப் பார்த்தாள். "அது அடைச்ச துப்பாக்கிதானேங்க? நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? நான் பொய் சொல்லலையே?"

"இல்லை. நீங்க பொய் சொல்லலை."

"எம் பொண்ணு அவ அத்தை வீட்டில இருக்கா. பதினேழு வயசு. ஃபோன் பண்ணினா எடுக்கிறதில்லை. நேத்து ஒருதரம் எடுத்தா. எடுத்து, 'நீ மாத்தினியாம்மா?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு எது குழல், எது பூட்டுன்னுகூடத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் கேட்டும் காதில வாங்கினதில்லை. வாங்கியிருக்கலாம்."

அவள் மேஜை இழுப்பறையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்க வந்தது வேற" என்றாள் டாக்டர் மனைவி. "அவர் சிரிச்சிட்டு இருந்தார். நான் நீட்டினப்ப. கண்ணைக்கூட மூடலை. அவருக்குத் தெரிஞ்சிருந்தா கையைத் தட்டிவிட்டிருப்பார் இல்லையா? தெரியாமத்தானே இருந்தார்? வேற எவனோ மாத்தினான்னுதானே அர்த்தம்?"

அவள் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அவருக்குத் தெரியாது என்று சொன்னால் அந்த முகம் ஆறும். அதோடு அவளைச் சிறைக்கு அனுப்புகிற பதிலும் அதுவாகத்தான் இருக்கும். அவருக்குத் தெரியாமல் மாற்றக்கூடியவர் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

"தெரியும்" என்றாள் அவள். "குழல் மாறினது அவருக்குத் தெரியும். நான்தான் மாத்தினேன். இந்த மேஜையில. அவர் பக்கத்துல நின்னு பார்த்தார்."

அப்புறம் எழுந்து போய்த் தட்டிலிருந்து உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். தன் வாயால் சொல்வதைவிடத் தன் கையெழுத்து சொல்வது சுலபமாக இருந்தது. டாக்டர் மனைவி அதை இரண்டு தரம் படித்தாள்.

"தோட்டா எல்லாம் வெறும் கூடுன்னு நம்பியிருக்கார். அடைச்ச குழல்ல தோட்டாவே ஏறாது. இப்ப ஏறுதுங்கிற சந்தோஷத்துலதான் விருந்தாளிக்குக் காட்டியிருக்கார். உங்ககிட்டச் சொன்னா நீங்க திரும்பக் குடுத்துடச் சொல்லுவீங்கன்னு சொல்லாம இருந்திருப்பார். ஆபத்துன்னு அவருக்குத் தோணவே இல்லை. எனக்கும்."

"சொல்லியிருந்தா நான் தொட்டிருக்கமாட்டேன்."

"ஆமா."

"எண்ணு பொருந்தணும்னு."

"ஆமா."

டாக்டர் மனைவி உறையில் இருந்த தேதியை விரலால் தடவினாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் தனக்குத் தேவலையாக இருந்திருக்கும் என்று இவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"இந்தக் குழல் கிடைச்ச அன்னைக்கு அவருக்கு ஃபோன் பண்ணினது நீங்கதானே?" என்று கேட்டாள் அவள். "நான்தான் எடுத்தேன். ஏதோ தலைபோற அவசரம்னு சொன்னீங்க. கிளினிக் நம்பரை நான்தான் குடுத்தேன்."

இவளுக்கு அது மறந்தேபோயிருந்தது.

"பழசு உங்க தட்டில இருக்குன்னு அப்புறம் இன்னொரு ஃபோன் பண்ணியிருக்கலாமே."

குரலில் கோபம் இல்லை. கடையில் மீதி சாமானை மறந்துவிட்டதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எழுந்து நின்றவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"எழுதுவீங்களா?"

"எழுதுவேன்."

"எம் பொண்ணுக்குப் புரியற மாதிரி எழுதுங்க" என்றாள். "எனக்கு வேணாம். எனக்குப் புரிஞ்சதே போதும்."

மதியத்துக்கு மேல் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அந்த அம்மா வந்துபோனது அவர் காதுக்கு எட்டியிருந்தது. அவர் எதையும் நேராகக் கேட்கவில்லை. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதினால் போதும், கேட்காததுக்கெல்லாம் எழுதுவது நம் வேலை இல்லை, இந்தக் கூடத்தில் முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள் என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார். கேட்டதே அதைத்தான் சார் என்றாள் அவள். யார் மாற்றியிருப்பார்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு நாளில் அறிக்கையை எழுதினாள். வழக்கம்போலச் சின்ன பாகத்தில் தொடங்கினாள். பூட்டு நெம்பி, சுத்தியல், ஸ்லைடு. 7-இன் உடைந்த வாலுக்கு மட்டும் ஒரு பத்தி. அது வரைக்கும் கை ஓடியது. குழலுக்கு வந்ததும் நான்கு காகிதம் கிழித்துப் போட்டாள். முதல் காகிதத்தில் 'மாற்றப்பட்டது' என்று இருந்தது. இரண்டாவதில் 'உரிமையாளரின் முன்னிலையில் மாற்றப்பட்டது'. மூன்றாவதில், 'உரிமையாளர் திரும்ப மாற்றிக்கொள்வதாக உறுதியளித்தார்' என்று சேர்த்து எழுதியிருந்தாள். அதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை, ஆனாலும் அது பொய்யாக இருந்தது. நான்காவதில் மன்னிப்புக் கேட்டிருந்தாள். அறிக்கையில் அதற்கு இடமில்லை. ஐந்தாவதில் எழுதினாள்: நான் மாற்றினேன். அடைத்த குழலை நானே வைத்துக்கொண்டேன். அது இல்லாமல் அவரால் திரும்ப மாற்ற முடியாது என்பது எனக்கு அன்றே தெரியும். அவர் மனைவிக்கு இது எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

பதினேழு வயதுப் பெண்ணுக்குப் புரியுமா என்று மறுபடி படித்துப் பார்த்தாள். அட்டையைப்போலக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னொரு முறையும் படித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரி வந்தார். ஜலதோஷம் தொண்டைக்கு இறங்கியிருந்தது. முதல் பக்கத்தை நின்றபடியே புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முடிக்கும்வரை கைக்குட்டையை எடுக்கவில்லை.

"மேடம், இதைக் குடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உங்க உரிமம் போகும். அதோட நிக்காது. கேஸ் உங்கமேல திரும்பும்."

"தெரியும் சார்."

"உள்ளே போக வேண்டி வரும்."

"தெரியும்."

அவர் உறையை வாங்கி, கையெழுத்தையும் தேதியையும் சான்றிதழில் இருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டார். அவள் எண்களை ஒப்பிடுவதுபோலவே விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக. பிறகு குழலை எடுத்து உருட்டிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை.

"இது அந்தப் பிஸ்டல்ல உட்காருமா? நான் கோர்ட்ல சொல்லணும். என் கண்ணால பார்க்கணும். போட்டுக் காட்டுங்க."

பையின் முத்திரையைப் பிரித்தார். அவள் பச்சைத் துணியை விரித்தாள். மேகசின் காலிதானா என்று பார்த்தாள். ஸ்லைடை இழுத்து உள்ளே விரலை விட்டுத் தடவினாள். மறுபடி தடவினாள். 764-ஐ வெளியே எடுத்துத் துணியில் வைத்தாள். 218-ஐ உள்ளே வைத்தாள். ஸ்லைடு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. துப்பாக்கி செத்துப்போனது.

அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான் சார்" என்றாள் அவள், கையுறையைக் கழற்றிக்கொண்டே.